நோயைத் தாமதமாகக் கண்டுபிடித்தார்களா? எங்கே, எப்படிக் கேட்பது?

எங்கள் பெரியம்மா வீட்டு பீரோ மேல் ஒரு மஞ்சள் பை இருக்கிறது. உள்ளே அவருடைய ஆஸ்பத்திரி தாள்கள். வயிற்றுவலி என்று ஒரு கிளினிக்குக்கு ஐந்து மாதம் போய்வந்தார். ஒவ்வொரு முறையும் கேஸ்டிரிக் மாத்திரைதான். ஆறாவது மாதம் வேறு ஊரில் ஸ்கேன் எடுத்தபோதுதான் சினைப்பையில் கட்டி என்று தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார்.

"முதல் மாசமே ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுத்திருந்தா இவ்வளவு பெரிய ஆபரேஷன் வந்திருக்குமா?" என்று அண்ணன் கேட்டபோது பையைக் கொட்டித் தேடினோம். பில் இருந்தது. மாத்திரை அட்டை இருந்தது. இசிஜி தாள் எழுத்தே தெரியாமல் வெளுத்திருந்தது. அந்த ஐந்து மாதத்தில் நாங்கள் டாக்டரிடம் என்ன சொன்னோம், அவர் என்ன பார்த்தார் என்று காட்டும் சீட்டு ஒன்றுகூட இல்லை. டாக்டர் மேல் தவறு இருந்ததா, இல்லையா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை நாங்களே தொலைத்துவிட்டோம்.

இந்த நிலை உங்கள் வீட்டுக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் இந்த மாதப் பாடம். நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது எப்போது மருத்துவ அலட்சியம் ஆகும்? யாரிடம் போகலாம்? கையில் என்ன இருக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எழும்பூர் வழக்கு சொல்லும் பாடம்

1996 ஆகஸ்ட் 30. சென்னை எழும்பூர் அரசு தாய் சேய் மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை 29-வது வாரத்திலேயே பிறந்தது. எடை 1,250 கிராம். சுமார் 25 நாள் இன்குபேட்டரில் இருந்து, செப்டம்பர் 23-ல் வீட்டுக்குப் போனது. அதன் பிறகும் பெற்றோர் மருத்துவமனை சொன்ன தேதிகளில் குழந்தையைக் காட்டி வந்தார்கள்.

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு விழித்திரை ரத்தக்குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. அவை தாறுமாறாக வளர்ந்தால் விழித்திரை கழன்று பார்வையே போய்விடலாம். இதற்குக் குறைமாதக் குழந்தை விழித்திரை நோய் என்று பெயர். வெளியில் பார்த்தால் கண் சாதாரணமாகத்தான் இருக்கும். கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்தால்தான் தெரியும். சரியான வாரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம். சில வாரம் தவறினால் முடியாமல் போகலாம்.

அந்தக் குழந்தைக்கு இந்தப் பரிசோதனை செய்யப்படவில்லை. செய்ய வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. வேறு டாக்டர்களிடம் காட்டி விஷயம் தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. வெளிநாடு வரை கொண்டுபோய் ஆபரேஷன் செய்தும் பார்வை திரும்பவில்லை.

தந்தை தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். 2009-ல் ஆணையம் அலட்சியம் என்று சொல்லி ரூ.5 லட்சம் கொடுக்க உத்தரவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2015 ஜூலை 1-ல் தீர்ப்பு வந்தது. வாழ்நாள் மருத்துவச் செலவுக்கு ரூ.1 கோடியே 38 லட்சம், அதுவரை ஆன செலவுக்கு ரூ.42,87,921. மொத்தம் சுமார் ரூ.1 கோடியே 80 லட்சம். இதில் பெரும்பகுதியைத் தமிழ்நாடு அரசும் மருத்துவமனையும், மீதியை இரண்டு டாக்டர்களும் கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

நீதிமன்றம் கவனித்த முக்கியமான தாள் எது தெரியுமா? டிஸ்சார்ஜ் சம்மரி. கண் பாதிப்பு வரலாம், ஜாக்கிரதையாக இருங்கள் என்று பெற்றோரை எச்சரிக்கும் குறிப்பு அதில் இல்லை. டாக்டர்களே அந்த ஆபத்தை நினைத்துப் பார்த்த அடையாளமும் இல்லை. அந்த ஒரு தாள் பத்திரமாக இருந்ததால்தான் அதில் என்ன இல்லை என்பதைக் காட்ட முடிந்தது.

குழந்தை பிறந்ததிலிருந்து தீர்ப்பு வரை 19 வருடம். ஆகவே, வழக்கு ஜெயிப்பதைவிட நோய் நேரத்தில் தெரிவதுதான் முக்கியம். வீட்டில் குறைமாதக் குழந்தை இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, பிறக்கும்போது எடை 2 கிலோவுக்குக் கீழ் இருந்தாலோ, 30 நாளுக்குள் கண் விழித்திரைப் பரிசோதனை. இன்னும் சீக்கிரம் பிறந்த, எடை மிகக் குறைந்த குழந்தைகளுக்கு 2 முதல் 3 வாரத்துக்குள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே "கண் டெஸ்ட் எப்போ, எங்கே?" என்று கேட்டு, சம்மரியில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

தாமதம் எல்லாமே அலட்சியமா?

இல்லை. சில நோய்கள் ஆரம்பத்தில் வேறு நோய் மாதிரியேதான் இருக்கும். நல்ல டாக்டரும் தவறாகக் கணிக்கலாம். கணிப்பு தவறியது என்பதற்காக மட்டும் சட்டம் டாக்டரைத் தண்டிக்காது. மூன்று விஷயங்களை நீங்கள் காட்ட வேண்டும்.

1. அவர் உங்களுக்குச் சிகிச்சை தரும் பொறுப்பை ஏற்றிருந்தார். ஓபி சீட்டு, பில், அட்மிஷன் தாள் போதும்.

2. அதே துறையில் சாதாரணத் திறமை உள்ள ஒரு டாக்டர் அந்த நிலையில் செய்திருக்கக்கூடிய பரிசோதனையை இவர் செய்யவில்லை. அல்லது ரிப்போர்ட் வந்தும் பார்க்கவில்லை. அல்லது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய நேரத்தில் அனுப்பவில்லை.

3. அந்தத் தாமதத்தால்தான் பாதிப்பு வந்தது, அல்லது அதிகமானது.

இரண்டாவது விஷயத்துக்கு ஐதராபாத் வழக்கு ஒன்று நல்ல உதாரணம். 2002 ஜூலையில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் குளிர் நடுக்கமுமாக ஒரு பெண் தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். டைபாய்டு என்று சிகிச்சை நடந்தது. நாலு நாளில் நிலைமை மோசமாகி வேறு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கே அவர் இறந்தார். அந்த இரண்டாவது மருத்துவமனையின் பதிவுகள் மலேரியா என்று சொல்லின. அவருடைய கணவர் மலேரியா ஒழிப்புத் துறையிலேயே அதிகாரி. மாவட்ட நுகர்வோர் மன்றம் ரூ.2 லட்சம் கொடுத்தது. மாநில ஆணையமும் தேசிய ஆணையமும் நிபுணர் சாட்சி இல்லை என்ற காரணத்தால் கைவிரித்தன. 2010 மார்ச் 8-ல் உச்ச நீதிமன்றம் மாவட்ட மன்றத்தின் உத்தரவையே திரும்பக் கொண்டுவந்தது. பதிவுகளிலேயே தவறு வெளிப்படையாகத் தெரியும் வழக்கில் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை. சிக்கலான வழக்குக்கு மட்டும் அது தேவை என்றது.

மூன்றாவது விஷயத்தில்தான் நிறைய பேர் தோற்கிறார்கள். 2005-ல் பிரிட்டனில் ஒரு வழக்கு. அக்குளில் இருந்த கட்டியை டாக்டர் சாதாரணக் கொழுப்புக் கட்டி என்று விட்டுவிட்டார். சுமார் ஒன்பது மாதம் கழித்துத்தான் புற்றுநோய் என்று தெரிந்தது. டாக்டர் மேல் தவறு என்பது நிரூபணமானது. ஆனால் தாமதமே இல்லாவிட்டாலும் பிழைக்கும் வாய்ப்பு 42 சதவீதம்தான், தாமதத்தால் அது 25 ஆனது என்று கணக்கு வந்ததால், பாதிக்கு மேல் வாய்ப்பு இருந்ததாகக் காட்ட முடியவில்லை என்று நஷ்டஈடு மறுக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பு நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால் "முன்னாடியே தெரிஞ்சிருந்தா என்ன மாறியிருக்கும்?" என்ற கேள்வி இங்கேயும் வரும். பிறகு சிகிச்சை தந்த டாக்டரின் எழுத்துப்பூர்வமான கருத்து இதற்குப் பெரிய துணை.

எங்கே போகலாம்? நான்கு கதவுகள்

முதல் கதவு, அதே மருத்துவமனை. மருத்துவக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். காரைக்கால் ஜிப்மர் போன்ற மத்திய அரசு நிறுவனம் என்றால், மத்திய அரசின் ஆன்லைன் குறைதீர்ப்புத் தளமான சிபிகிராம்ஸ் மூலமும் அனுப்பலாம்.

இரண்டாவது, நுகர்வோர் குறைதீர் ஆணையம். நஷ்டஈடு வேண்டும் என்றால் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் வழி.

மூன்றாவது, அந்த டாக்டர் பதிவு செய்திருக்கும் மருத்துவ கவுன்சில். இங்கே பணம் கிடைக்காது. எச்சரிக்கை, பதிவை நிறுத்திவைத்தல் போன்ற ஒழுங்கு நடவடிக்கைதான்.

நான்காவது, போலீஸ். பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவின்படி அலட்சியத்தால் மரணம் குற்றம். சிகிச்சை நடைமுறையின்போது பதிவுபெற்ற டாக்டரால் நேர்ந்தால் 2 வருடம் வரை சிறை. ஆனால் 2005-ல் உச்ச நீதிமன்றம், குற்ற வழக்குக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியம் வேண்டும், வேறொரு டாக்டரின் நடுநிலையான கருத்தும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. எல்லா வழக்கும் இந்தக் கதவு வழியாகப் போகாது.

ஒன்று மட்டும் வேண்டாம்: ஆஸ்பத்திரியில் தகராறு. அது தனிக் குற்றம். உங்கள் பக்கத்து நியாயத்தையும் பலவீனப்படுத்தும்.

இலவச சிகிச்சைக்கும் கேட்க முடியுமா?

அடிக்கடி வரும் கேள்வி. 1995 நவம்பர் 13-ல், இந்திய மருத்துவ சங்கம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்பளித்தது. அதன் சாரம் இதுதான்:

• கட்டணம் கட்டி எடுத்த சிகிச்சை: கேட்கலாம்.
• காப்பீட்டு நிறுவனமோ வேலை தருபவரோ உங்களுக்காகக் கட்டியது: கேட்கலாம்.
• சிலரிடம் கட்டணம், சிலருக்கு இலவசம் என்று நடக்கும் மருத்துவமனை: இலவசமாகப் பார்த்தவரும் கேட்கலாம்.
• எல்லோருக்கும் எல்லாமே இலவசம் என்ற மருத்துவமனை: நுகர்வோர் ஆணையத்தில் கேட்க முடியாது. பதிவுக்காக வாங்கும் சிறு தொகை கட்டணமாகாது.

கடைசி வகை என்றால் வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். சிவில் நீதிமன்றம் இருக்கிறது, நமக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இருக்கிறது. அரசு மருத்துவமனை டாக்டரின் அலட்சியத்துக்கு அரசே பொறுப்பு என்பதை 1996-லேயே உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது.

2019-ம் ஆண்டின் புதிய நுகர்வோர் சட்டத்தில் மருத்துவம் என்ற சொல் தனியாக இல்லையே என்று சிலர் கேட்பார்கள். மும்பை உயர் நீதிமன்றம் 2021-லும், உச்ச நீதிமன்றம் 2022-லும் அந்த வாதத்தை ஏற்கவில்லை. மருத்துவ சேவை இன்றும் சட்டத்துக்குள்தான் இருக்கிறது.

நாகையில் சிகிச்சை, காரைக்காலில் வீடு

நம்ம ஊருக்கு இது தனிப் பிரச்சினை. வாஞ்சூர் தாண்டினால் நாகப்பட்டினம், பூவம் தாண்டினால் மயிலாடுதுறை. அவசரம் என்றால் தஞ்சாவூர், இல்லாவிட்டால் 130 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து புதுச்சேரி. சிகிச்சை ஒரு மாநிலத்தில், வீடு வேறு யூனியன் பிரதேசத்தில். முன்பெல்லாம் பெரும்பாலும் மருத்துவமனை இருக்கும் ஊரில்தான் வழக்குப் போட வேண்டியிருந்தது.

2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்த 2019-ம் ஆண்டுச் சட்டம் இதை மாற்றியது. நீங்கள் வசிக்கும் இடத்துக்கு, அல்லது வேலை பார்க்கும் இடத்துக்கு உரிய ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். திருநள்ளாறில் இருப்பவர் தஞ்சாவூர் மருத்துவமனை மீது புகார் சொல்லத் தஞ்சாவூருக்கு அலைய வேண்டியதில்லை. உங்கள் முகவரிக்கான ஆணையம் எது, அமர்வு எங்கே என்பதைத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மட்டம் என்பது நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டை வைத்து இல்லை, மருத்துவமனைக்குக் கட்டிய தொகையை வைத்து. ரூ.50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். அதற்கு மேல் ரூ.2 கோடி வரை மாநில ஆணையம். அதற்கும் மேல் தேசிய ஆணையம். கட்டிய தொகை ரூ.5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. ரூ.10 லட்சம் வரை ரூ.200, ரூ.20 லட்சம் வரை ரூ.400, ரூ.50 லட்சம் வரை ரூ.1,000.

இரண்டு வருடம், எப்போதிலிருந்து?

காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். பாதிப்பு உடனே தெரியும் வழக்கில் கணக்கு எளிது. தாமதமாகத் தெரியும் வழக்கில், நியாயமான அக்கறையோடு இருந்தால் எப்போது தெரிந்திருக்கும் என்று நீதிமன்றம் பார்க்கும்.

2010-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு இதைப் புரியவைக்கும். கோவாவைச் சேர்ந்த ஒரு நர்ஸுக்கு 1993-ல் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது. பிறகு வருடக்கணக்கில் வயிற்றுவலி. 2002-ல் மறு ஆபரேஷன் செய்தபோது உள்ளே துணிப்பஞ்சு இருந்தது தெரிந்தது. 2004-ல் மனு கொடுத்தார். மருத்துவத் துறையிலேயே இருந்தும், இத்தனை வருட வலிக்கு முதலில் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போய்க் கேட்கவில்லையே என்று சொல்லி, காலம் கடந்தது என மனுவைத் தள்ளிவிட்டது நீதிமன்றம்.

ஆகவே, தெரிந்த நாளையே முதல் நாளாக வைத்து எண்ணுங்கள். போதுமான காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

உங்கள் போன்தான் உங்கள் மஞ்சள் பை

• ஓபி சீட்டு, மருந்துச் சீட்டு, பில், ரிப்போர்ட் எல்லாவற்றையும் அன்றே போட்டோ எடுங்கள். இசிஜி, கடை பில் போன்ற வெப்பத்தாள்கள் சில மாதத்தில் வெளுத்துவிடும். இவைதான் முதலில்.
• ஒவ்வொரு போட்டோவும் தேதியோடு ஒரே போல்டரில். இன்னொரு பிரதி கிளவுடில், அல்லது வீட்டில் இன்னொருவர் போனில்.
• ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் போதாது. பிலிம், சிடி இரண்டையும் வாங்குங்கள்.
• ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் சொன்ன தொந்தரவு, அவர் சொன்ன பதில் இரண்டையும் போன் நோட்ஸில் இரண்டு வரி எழுதுங்கள்.
• 14 இலக்க ஆபா எண் எடுத்து வைத்தால், அந்தத் திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளின் ரிப்போர்ட்டுகளைப் போனிலேயே சேர்க்கலாம்.

உள்நோயாளியாக இருந்தவரின் கேஸ் ஷீட் மருத்துவமனையிடம் இருக்கும். அதன் நகல் கேட்பது உங்கள் உரிமை. 2002-ம் ஆண்டு இந்திய மருத்துவ கவுன்சில் ஒழுங்குமுறைப்படி, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருடம் பதிவுகளை வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அரசு மருத்துவமனையில் கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

மனு கொடுப்பது எப்படி?

1. முதலில் மருத்துவமனைக்கு நோட்டீஸ். சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் பல விஷயங்கள் இங்கேயே பேசி முடியும். 15 அல்லது 30 நாள் அவகாசம் கொடுங்கள்.

2. தேதி வாரியாக ஒரு பக்கத்தில் நடந்ததை எழுதுங்கள்: எந்த நாள் போனோம், என்ன சொன்னோம், என்ன பரிசோதனை நடந்தது, எது நடக்கவில்லை, எப்போது, எங்கே உண்மையான நோய் தெரிந்தது. கோபம் வேண்டாம், தேதி போதும்.

3. எதிர்த்தரப்பில் மருத்துவமனையின் பெயரைக் கட்டாயம் சேருங்கள். பார்த்த டாக்டர் அத்தனை பேரின் பெயரும் தெரியாவிட்டால் கவலை வேண்டாம். அதற்காக வழக்கைத் தள்ள முடியாது என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

4. இ-ஜாக்ரிதி தளத்தில் போன் எண்ணோடு பதிவு செய்து மனு, பிரமாணப் பத்திரம், ஆவணங்களைப் பதிவேற்றுங்கள். 2025 ஜனவரி 1 முதல் நடக்கும் இந்தத் தளத்தில் வழக்கின் நிலையையும் பார்க்கலாம்.

5. எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாள். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது.

6. தீர்ப்பில் திருப்தி இல்லை என்றால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு.

வக்கீல் இல்லாமலும் நீங்களே வாதாடலாம். மருத்துவ வழக்கில் வக்கீல் இருப்பது நல்லது. செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்குச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் கீழ் இலவச வக்கீல் உண்டு. உதவி எண் 15100.

இன்றே செய்யக்கூடிய ஒன்று

நல்ல டாக்டர்கள்தான் அதிகம். நாம் கேட்கும் கேள்வி அவர்களுக்கும் உதவும். மருந்து முடிந்தும் தொந்தரவு போகவில்லை என்றால், அடுத்த முறை மூன்று கேள்வி கேளுங்கள்: "டாக்டர், வேற என்ன நோயா இருக்கலாம்? அதுக்கு என்ன டெஸ்ட்? எத்தனை நாள்ல சரியாகலேன்னா திரும்ப வரணும்?" பதிலைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

பெரியம்மா இப்போது மூணு மாதத்துக்கு ஒரு முறை செக்கப் போகிறார். வெளியே வந்ததும் முதல் வேலையாகச் சீட்டைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். கூடவே ஒரு குரல் பதிவு, டாக்டர் என்ன சொன்னார் என்று. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதை இன்றே சொல்லிக்கொடுங்கள்.

மறக்காமல் சேமிக்க வேண்டிய எண்கள்: நுகர்வோர் உதவி 1915, சட்ட உதவி 15100.